தூக்குகிறவரின் முதுகு யாருடைய பொறுப்பு? வாசகர் கேள்வி – பதில்

பாடசாலைகளின் விசேட கல்வி அலகுகளில் உதவியாளர்களாக இருப்பவர்கள் எழுதுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'பெயர் போட வேண்டாம், அதிபரும் வாசிப்பார்' என்று முடிந்திருந்தன. அதிபர் வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் போடுகிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன். நானும் வன்னியில் விசேட கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்தான். மீள்குடியேற்றக் காலத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் அலகு நடத்தியவர்களில் ஒருத்தி. ஆகவே, கட்டடம் இல்லை, ஆள் இல்லை என்ற பதில்களை எனக்குச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: ரீச்சர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தரும் கொடுப்பனவில் ஒரு விசேட கல்வி அலகில் உதவியாளராக இருக்கிறேன். மூளை வாதம் உள்ள 12 வயதுப் பையன் ஒருவர் இருக்கிறார். அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து இறக்குவது, மலசலகூடத்துக்குக் கொண்டுபோவது, உடுப்பு மாற்றுவது, திரும்ப ஏற்றுவது எல்லாம் நான் ஒருத்திதான். முதுகு பிடித்து, இரவில் திரும்பிப் படுக்க முடியவில்லை. இடையில் அலுவலகத்துக்குத் தேநீரும் போட வேண்டும். என் வேலை என்னவென்று கேட்டால் 'எல்லாம்தான்' என்கிறார்கள். (துணுக்காய்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி)

பதில்: தங்கச்சி, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய் பூசி, ஒத்தடம் கொடுத்துச் சமாளிக்கும் கட்டம் தாண்டிவிட்டது போலத் தெரிகிறது. காலில் விறைப்போ, மரத்துப் போவதோ இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். எப்போது, எதைத் தூக்கியபோது தொடங்கியது என்று வைத்தியரிடம் சொன்னால் அது துண்டில் பதிவாகும். பிறகு தேவைப்படலாம்.

இனிப் பையனைப் பற்றி. 12 வயதுப் பிள்ளையை ஒரு பெண் தனியாகத் தூக்கவே கூடாது. நெல் மூட்டையைத் தூக்குகிறவருக்கு ஒரு நிம்மதி உண்டு, மூட்டை அசையாது. மூளை வாதம் உள்ள பிள்ளையின் உடம்பு ஒரு சத்தம் கேட்டாலே விறைத்துப் பின்னால் வளையும். அந்தக் கணத்தில் நீங்கள் பாதி குனிந்தபடி நிற்பீர்கள். முதுகு போவது அங்கேதான். பிள்ளை கீழே விழுவதும் அங்கேதான்.

முதல் கேள்வி, எப்படித் தூக்குவது என்பது அல்ல. தூக்காமல் முடிக்க முடியுமா என்பது. உடுப்பு மாற்றுவதைத் தரையில் பாய் போட்டுச் செய்தால் ஒவ்வொரு தடவையும் தரையிலிருந்து தூக்க வேண்டி வரும். இடுப்பு உயரத்துக்கு ஒரு அகலமான வாங்கு இருந்தால் அந்தத் தூக்கல் அப்படியே இல்லாமல் போகும். பெற்றோரில் ஒரு மேசன், ஒரு தச்சர் இல்லாத பாடசாலை வன்னியில் இருக்கிறதா? சிரமதானத்தில் ஒரு நாள் வேலை. மலசலகூட வாசலில் இருக்கும் அந்த ஒற்றைப் படிக்குச் சாய்தளம் போட்டால் நாற்காலி உள்ளேயே போகும். ஒரு கைபிடிக் குழாயும் பூட்டிவிட்டால், பையன் தன் பாரத்தில் கொஞ்சத்தைத் தானே தாங்கவும் கூடும். அதில் அவருக்கு வருகிற சந்தோசத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

தூக்கியே ஆக வேண்டிய இடத்தில் இரண்டு பேர். நாற்காலியை மாற்றும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, இரண்டு சில்லுகளின் பிறேக்கையும் போட வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கம், நாற்காலி சுழன்றுவிடும். கால் வைக்கும் தட்டை மடித்துவிடுங்கள். 'இப்ப தூக்கப் போறம்' என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள், பேச்சு வராத பிள்ளைக்கும்தான். சொல்லிவிட்டுத் தொட்டால் உடம்பு விறைப்பது குறையும். ஒருவர் உடம்பைத் தாங்க, மற்றவர் தொடைகளுக்குக் கீழே தாங்க, இரண்டு பேரும் முழங்காலை மடித்து, பிள்ளையைத் தம் உடம்போடு அணைத்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணி எழும்ப வேண்டும். கையைப் பிடித்தோ அக்குளைப் பிடித்தோ தூக்க வேண்டாம், தோள்மூட்டு விலகும். திரும்ப வேண்டுமானால் பாதத்தோடு திரும்புங்கள், இடுப்பை மட்டும் முறுக்காதீர்கள். இந்தப் பையனுக்கென்று பொருத்தமான முறையை ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவர் நேரில் காட்டித் தருவார். தாயோடு ஒரு கிளினிக் நாளுக்கு நீங்களும் கூடப் போங்கள். அது கடமை நேரமாகவே கணிக்கப்பட வேண்டும் என்று அதிபரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

சேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். சேலையோடு முழங்கால் மடித்துப் பாரம் தூக்க முடியாது. முந்தானை சில்லில் சிக்கும். அலகில் வேலை செய்பவர் சுடிதார் அணிய அனுமதி கேளுங்கள், ஷோலைக் குத்திவிடுங்கள். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு ஊசி குத்துங்கள். பிள்ளை இழுத்தால் கழுத்து அறுபடும், கொடியும் அறும், பிறகு வீட்டில் அது வேறு கதையாகும்.

கடைசியாக அந்த 'எல்லாம்தான்'. ஒருவருக்கு எல்லாமே வேலை என்றால், விபத்து நடந்த நாளில் எதுவுமே அவருடைய வேலையாக இருந்திருக்காது. 'உன்னை யார் தூக்கச் சொன்னது' என்பார்கள். வேலைப் பட்டியல் எழுதித் தாருங்கள் என்று கேட்டால் சண்டைக்குப் போவது போலத் தெரியும். ஆகவே நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். காலை 7.30க்குப் பிள்ளைகளை வாசலில் பொறுப்பெடுப்பது, சாப்பாட்டுக்கும் மலசலகூடத்துக்கும் உதவுவது, ஆசிரியர் சொல்லும் பயிற்சியைப் பிள்ளையோடு இருந்து செய்விப்பது, இடைவேளையில் கவனிப்பது, நடந்ததை ஆசிரியருக்குச் சொல்வது. இவை உங்களுடையவை. பாடம் திட்டமிடுவது, பிள்ளைக்கு என்ன குறை என்று தீர்மானிப்பது, தண்டிப்பது உங்களுடையவை அல்ல. பொறுப்பாசிரியர் வலயக் கல்விப் பணிமனைக்குக் கூட்டத்துக்குப் போக, முழு அலகையும் தனியே வைத்திருப்பதும் உங்களுடையது அல்ல. அந்த நாளில் இன்னொரு ஆசிரியரின் பெயரைப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். 'நான் விளங்கிக்கொண்டபடி என் கடமைகள் இவை, திருத்தம் இருந்தால் தயவுசெய்து எழுதித் தாருங்கள்' என்று முடித்து, திகதி போட்டு, ஒரு பிரதியில் அதிபரின் கையொப்பம் வாங்குங்கள். தேநீரை அதில் சேர்க்க வேண்டாம். அது எப்படியும் கேட்பார்கள். விரும்பினால் போடுங்கள், பிள்ளை மலசலகூடத்தில் இருக்கும்போது போடாதீர்கள்.

கேள்வி: எட்டு வயதுப் பையன் ஒருவர் என் கையைக் கடித்து இரத்தம் வந்துவிட்டது. இது முதல் தடவையும் அல்ல. 'ஒரு அறை போட்டால் சரியாகிவிடும்' என்று பெரியவர்களே சொல்கிறார்கள். (புதுக்குடியிருப்பு)

பதில்: அறை போட்டால் உங்களுக்குத்தான் சரியில்லாமல் போகும். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் கீழும் குற்றம். சுற்றறிக்கை ஆசிரியருக்குத்தான், எனக்கில்லை என்று உதவியாளர் யாரும் நினைக்க வேண்டாம்.

காயத்தைப் பாருங்கள். மனிதக் கடியில் கிருமி அதிகம். தோல் கிழிந்திருந்தால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுச் சில நிமிடங்கள் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்பு ஊசி தேவையா, மருந்து தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். மஞ்சள் தூள் அப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வளர்ந்தவர்களுக்கு அது மூன்று தடவையாகப் போடுவது. பம்பஸ் மாற்றுகிற, வாய்நீர் துடைக்கிற வேலைக்கு அது தேவை. கையுறையும் தேவை, ஆனால் கையுறை போட்டதால் கை கழுவத் தேவையில்லை என்று ஆகாது.

கடித்துக்கொண்டிருக்கும்போது கையை வெடுக்கென்று இழுத்தால் தசை கிழியும். வலித்தாலும் கையை வாயின் பக்கமாகவே மெதுவாகத் தள்ளுங்கள், தாடை தானாகத் தளரும். தலைமுடியைப் பிடித்தால், பிள்ளையின் கையை உங்கள் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். பிள்ளையைக் குப்புறப் போட்டு அழுத்துவது மட்டும் ஒருபோதும் கூடாது. மூச்சு நின்றுபோன பிள்ளைகள் உலகில் பல இடங்களில் உண்டு.

சரி, ஏன் கடிக்கிறார்? ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, கடிக்கு முன்னால் என்ன நடந்தது, பிறகு என்ன கிடைத்தது என்று நேரத்தோடு எழுதுங்கள். என் அலகில் ஒரு பையன் இடைவேளை நேரத்தில்தான் கடிப்பார். சாப்பாட்டுக்கு அவசரம் என்று எல்லோரும் சொன்னார்கள். கொப்பியைப் பார்த்தால் எல்லாக் கடியும் மணி அடித்த அடுத்த நிமிடத்தில். எங்கள் மணி, அலகின் ஜன்னலுக்கு நேரே வேப்பமரத்தில் கட்டித் தொங்கிய தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அதை அடிக்கிற அடியில் எனக்கே காது கூசும். அந்தப் பையனுக்கு அது தலைக்குள் அடிக்கிற மாதிரி இருந்திருக்க வேண்டும். துண்டைக் கழற்றி அலுவலகப் பக்க மரத்தில் கட்டினோம். மணிக்குச் சற்று முன்னர் அவரைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய்க் கை கழுவ வைத்தோம். கடி முற்றாக நின்றது என்று சொல்லமாட்டேன், ஆனால் உதவியாளர் நீளக்கைச் சட்டை போடாமல் வர முடிந்தது. உங்கள் பையனுக்கு மணியாக இல்லாமல் பல்வலியாக இருக்கலாம், காது வலியாக இருக்கலாம். சொல்லத் தெரியாத பிள்ளை கடித்துத்தான் சொல்லும்.

அந்தக் கொப்பியில் உங்கள் காயத்தையும் எழுதி, பொறுப்பாசிரியரின் ஒப்பம் வாங்குங்கள். 'சின்னக் கடிதானே' என்று எழுதாமல் விட்ட கடிகளுக்குக் கணக்கே இல்லை.

கேள்வி: என் மகளுக்கு ஆட்டிசம், ஆறு வயது. கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடுவாள். பாடசாலைக்குப் பின்னால் நீர்ப்பாசன வாய்க்கால், வேலி அரைகுறை. 'நீங்களே வந்து பிள்ளையோடு இருங்கள்' என்கிறார்கள். நான் கூலி வேலைக்குப் போகிறவள். (கிளிநொச்சி)

பதில்: அம்மா, பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இப்படி ஓடுகிற பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மீது ஒரு இழுப்பு உண்டு. இவர்களுக்கு நேர்கிற பெரிய ஆபத்தும் நீரில் மூழ்குவதுதான். இரணைமடுவின் வாய்க்கால்கள் ஓடுகிற ஊரில், கட்டில்லாத தோட்டக் கிணறுகள் இருக்கிற ஊரில், இதைச் சும்மா விட முடியாது.

பாடசாலை நேரத்தில் பிள்ளையின் பாதுகாப்பு பாடசாலையின் பொறுப்பு. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற நாட்டில், தாய் வந்து காவல் இருந்தால்தான் பிள்ளைக்கு இடம் என்று சொல்ல முடியாது. அதிபரிடம் வாயால் கேட்டது போதும். எழுத்தில் கேளுங்கள், பிரதியை வலயத்தின் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். எழுதத் தெரியாவிட்டால் கிராம அலுவலரிடமோ சமூக சேவை உத்தியோகத்தரிடமோ உதவி கேட்கலாம்.

இதை வாசிக்கும் உதவியாளர்களுக்கும் ஒன்று. ஓடுகிற பிள்ளையை 'எல்லோரும் பார்ப்போம்' என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இந்த மணித்தியாலம் யார் பொறுப்பு என்று ஒரு பெயர் இருக்க வேண்டும். அவர் மலசலகூடம் போனாலும் 'இப்ப நீங்கள் பாருங்கோ' என்று வாய்விட்டுச் சொல்லிக் கையளித்துவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளையைக் காணவில்லை என்றால் வகுப்பறைகளைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். ஒருவர் நேரே வாய்க்காலுக்கு, ஒருவர் கிணற்றுக்கு, ஒருவர் வீதிக்கு. ஏ9 வீதியும் தண்டவாளமும் பக்கத்தில் என்றால் அங்கும் ஒருவர். அதற்கிடையில் அலுவலகத்திலிருந்து ஒருவர் தாய்க்கும் 119க்கும் அழைக்கட்டும். இந்த ஆட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே பெயர் குறித்து வையுங்கள்.

கண்ணிவெடி இன்னும் முழுதாக அகற்றி முடியாத பக்கங்களில் மண்டையோட்டுச் சிவப்புப் பலகைக்கு அப்பால் பிள்ளை போய்விட்டால், பின்னால் ஓடாதீர்கள். சொல்ல மிகக் கஷ்டமான விடயம் இது. நின்ற இடத்திலேயே நின்று, பிள்ளைக்குப் பிடித்த சொல்லைச் சொல்லி அசையாமல் நிற்க வையுங்கள், உடனே பொலிசாரை அழையுங்கள்.

வேலியைப் பொறுத்தவரை, பனை மட்டையால் அடைத்தாலும் வேலிதான். மதில் கட்டக் காசு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: வலிப்பு வந்தால் கையில் திறப்புக் கொடுக்கலாமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: வேண்டாம். இரும்பும் வேண்டாம், வாய்க்குள் கரண்டியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கதிரை மேசையை நகர்த்துங்கள், தலைக்குக் கீழே மெத்தென்ற ஏதாவது வையுங்கள், சட்டையின் கழுத்தைத் தளர்த்துங்கள், பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், நின்று உடனே திரும்ப வந்தால், அல்லது அந்தப் பிள்ளைக்கு இதுதான் முதல் வலிப்பு என்றால் 1990. அம்புலன்ஸ் இலவசம். வலிப்பு நின்ற பிறகு பிள்ளை தூங்கட்டும், தட்டி எழுப்பிப் பாடம் படிப்பிக்க வேண்டாம். (இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.)

கேள்வி: நான் ஆண் உதவியாளர். பெண் உதவியாளர் வராத நாட்களில் பெண் பிள்ளைகளை மலசலகூடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயம். (மல்லாவி)

பதில்: தம்பி, மறுக்க வேண்டிய இடத்தில்தான் மறுக்கிறீர்கள். வாசல்வரை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாம், உள்ளே உதவுவது பெண்ணாக இருக்க வேண்டும். அந்த நாளில் எந்த ஆசிரியை வருவார் என்பது அதிபர் தீர்க்க வேண்டிய விடயம். வளர்ந்த பையன்களைப் பெண்கள் கழுவிவிடுவதையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். அதைப் பற்றி ஏனோ யாரும் கேள்வி அனுப்பவில்லை.

யார் உதவினாலும் கதவைப் பூட்ட வேண்டாம், சாத்தினால் போதும். குரல் கேட்கும் தூரத்தில் இன்னொருவர் இருக்கட்டும். பிள்ளையைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள், தானே செய்யக்கூடியதைத் தானே செய்ய விடுங்கள். இது உங்களுக்கும் காப்பு, பிள்ளைக்கும் காப்பு. உடம்பில் தழும்போ, பயமோ, உட்கார முடியாத வேதனையோ கண்டால் நீங்கள் விசாரணை நடத்த வேண்டாம். கண்டதைக் கண்டபடி எழுதி அன்றைக்கே பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். அங்கே மூடி மறைக்கப் பார்த்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

கேள்வி: நான் ஒரு அதிபர். உதவியாளருக்குக் கடமையில் காயம் ஏற்பட்டால் சங்கம் பணம் கொடுக்க வேண்டுமா? எங்களிடம் நிதி இல்லை. (முல்லைத்தீவு மாவட்டம்)

பதில்: ஐயா, நேரே கேட்டதற்கு நன்றி. சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு வேலையினாலும் வேலையின்போதும் காயம் ஏற்பட்டால் வேலைகொள்வோர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் நமக்கு 1934இலிருந்தே இருக்கிறது. நிரந்தர அரச ஊழியருக்கு தாபன விதிக்கோவை இருக்கிறது. நடுவில் நிற்பவர் உங்கள் உதவியாளர். 'தொண்டர்' என்று எழுதி, மாதம் தவறாமல் பணம் கொடுத்து, நேரத்துக்கு வரச்சொல்லி, லீவுக்கு அனுமதி கேட்க வைத்துவிட்டு, விபத்து நாளில் 'அவர் தொண்டர்தானே' என்று சொன்னால், தொழில் திணைக்களம் உங்கள் தாளை மட்டும் பார்க்காது, அவர் செய்த வேலையையும் பார்க்கும். ஊழியர் சேமலாப நிதிக்குச் சங்கத்தின் பங்காக 12 வீதமும் அவருடைய சம்பளத்திலிருந்து கழிக்கும் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் சங்கத்தின் பங்காக 3 வீதமும் கட்டும் கடமை உங்கள் சங்கத்துக்கு உண்டா என்பதைத் தொழில் அலுவலகத்தில் இப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். தொண்டு நிறுவனமொன்று உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்கிறது என்றால், விபத்துக்கு யார் பொறுப்பு என்ற வரி உடன்படிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். திட்டம் முடிந்து அவர்கள் பொருட்களை ஏற்றிக்கொண்டு போனபிறகு அந்த வரியைத் தேட முடியாது.

நிதி இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போட நிதி வந்ததே. வாங்கு, சாய்தளம், கைபிடி, கையுறைப் பெட்டி, இரண்டாவது ஆள். இவற்றில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை பந்தலை விட மலிவு.

கேள்வி: சாப்பாடு ஊட்டும்போது ஒரு பிள்ளை அடிக்கடி புரைக்கேறி இருமுகிறது. தலையில் தட்டினால் போதுமா? (பூநகரி)

பதில்: தலையில் தட்டுவது போதாது, அது எதற்கும் உதவாது. பிள்ளை நிமிர்ந்து இருக்க வேண்டும், படுக்க வைத்தோ தலையைப் பின்னால் சாய்த்தோ ஊட்டக் கூடாது. நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். ஆகவே கதிரையில் இருந்து, பிள்ளையின் கண் மட்டத்தில் ஊட்டுங்கள். தாடை சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். சிறிய கரண்டி, குறைந்த அளவு. வாயில் இருப்பது விழுங்கப்பட்ட பிறகுதான் அடுத்தது. சோற்றைக் குழைத்துக் கொடுங்கள், மேலே தண்ணீர்க் குழம்பை ஊற்றிச் சோறு வேறு நீர் வேறாகக் கொடுக்க வேண்டாம். இருமுகிற பிள்ளையை இரும விடுங்கள். இருமவும் முடியாமல், சத்தமும் வராமல், உதடு நீலமானால் முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தடவை பலமாகத் தட்டுங்கள், இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். ஒவ்வொரு நாளும் புரைக்கேறுகிறது என்றால் அது பழக்கம் அல்ல. தாயிடம் சொல்லி, விழுங்குவதைப் பரிசோதிக்கும் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பிள்ளைக்கு வாழைப்பழத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள், மசித்துக் கொடுங்கள்.